கோபேக்காரர் பிந்திய கோடை

என் சின்னம்மாவின் இளைய மகள் சந்திரவதனா கவுன்சில் அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிற வேலை பார்த்தாள். குப்பை எடுக்க வரவில்லை என்பவர்களுக்கும், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, உரிய ஆளுக்கு இணைத்துவிடுவாள். பின்னேரம் பஸ் பிடித்து, தென்லண்டனில் மிச்சம் என்ற ஊரில் தகப்பனின் கடைக்கு மேலேயிருந்த வீட்டுக்கு வந்தால், அதன்பிறகு வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்குக் கவலை என்று சொல்ல முடியாது. கவலையுள்ளவர்கள் அழுவார்கள், சண்டை பிடிப்பார்கள், சாப்பாட்டைத் தள்ளிவைப்பார்கள். இவள் வைத்ததைச் சாப்பிட்டாள், சொன்ன சேலையை உடுத்தாள், கூப்பிட்ட கலியாணங்களுக்கு வந்து காட்டிய கதிரையில் இருந்தாள். பல்லுக் கழற்ற ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ, ஆள் முழுக்க அப்படி இருந்தாள்.

நான் பக்கத்து ஊரான மோர்டனில் இருக்கிறேன், தவமலர் என்று பெயர். வதனா என்னை மலரக்கா என்று கூப்பிடுவாள். இதை நான் எழுதுவதற்குக் காரணம் கோபம்தான். யாரிலே கோபம் என்று கேட்டால் அதற்குத்தான் இன்றுவரை ஆள் அகப்படவில்லை.

சின்னம்மாவின் புருஷன் அம்பலவாணன் சித்தப்பா இளம் வயதில் கொழும்பில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் கம்பனியில் சேர்ந்தார். அவர்கள் அவரை முதலில் யப்பானில் கோபே துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் அங்கே. மூத்தவள் சிவகௌரி பிறந்தது அங்கேதான். பிறகு லீவில் ஊருக்கு வந்து நின்றுவிட்டு, எழுபதாம் ஆண்டு மே மாதம் ஹொங்கொங் கிளைக்குப் போனார்கள். இளையவள் வதனா அந்த ஆடியில் அங்கே பிறந்தாள். சின்னம்மாவுக்கு உடம்பு தேறவில்லை என்று செப்டெம்பரிலேயே கைக்குழந்தையோடு ஊர் திரும்பிவிட்டார்கள். ஆக மொத்தம் ஹொங்கொங்கில் அவர்கள் இருந்தது ஒரேயொரு கோடைகாலம். ஆனால் அந்த இரண்டு ஊர்க் கதையும் எங்கள் குடும்பத்தில் இருபத்தைந்து வருடம் ஓடியது.

சித்தப்பா கோபே கட்சி. மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய ஊர், ஒரு கடதாசித் துண்டு தெருவில் கிடக்காது என்பார். பக்கத்து வீட்டுக்காரி காலையில் தெருக் கூட்டும்போது தன் வாசலோடு நிறுத்தாமல் இவர்கள் வாசலிலும் ஒரு முழம் கூட்டிவிட்டுப் போவாளாம். அதற்குமேல் கூட்டினால் இவர்கள் ஊத்தை என்று சொன்னதாகிவிடுமாம், அதனால் ஒரு முழம் மட்டும். சின்னம்மா முதன்முதல் மிளகாய் வறுத்த அன்று யாரும் சத்தம் போடவில்லை. சாயந்தரம் அந்தப் பெண் ஒரு பெட்டி பழத்தோடு வந்து, குனிந்து வணங்கி, வீட்டில் யாருக்காவது சுகமில்லையோ என்று விசாரித்தாளாம். சின்னம்மாவுக்கு அது விளங்க ஒரு கிழமை எடுத்தது. விளங்கியபிறகு கோபேயில் இருந்த காலம் முழுவதும் அவர் மிளகாய் வறுக்கவில்லை.

சின்னம்மா ஹொங்கொங் கட்சி. அங்கே பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டாமலே குசினிக்குள் வந்து, சட்டி மூடியைத் திறந்து, இதென்ன என்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாளாம். உறைக்கிறது என்று கத்திவிட்டு, அடுத்த நாள் கிண்ணத்தோடு வந்தாளாம். மேல்மாடியில் மூங்கில் தடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் கீழே போகிறவர்கள் தலையில் சொட்டும். அவர்கள் நிமிர்ந்து ஏசுவார்கள். மேலேயிருந்து பதில் ஏச்சு வரும். ஒருவருக்கும் மனதில் ஒன்றும் இருக்காது. சின்னம்மாவுக்குப் பிள்ளை நோவு வந்தபோது சித்தப்பா அலுவலகத்தில். அந்த மாடியிலிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தி, நடுத்தெருவில் ஒரு டாக்சியை மறித்து, அதிலிருந்தவரை இறக்கிவிட்டு இவரை ஏற்றினார்களாம். "கோபேயா இருந்திருந்தால் வரிசையிலை நிண்டு பெத்திருப்பன்," என்பார் சின்னம்மா.

பிள்ளைகள் இரண்டும் அந்தந்த ஊர் மாதிரியே என்று எங்களுக்குள் ஒரு பகிடி. சிவகௌரி அமைதி, மடித்து வைத்த துணி போல. வதனா சின்ன வயதில் வாயாடி, சண்டைக்காரி, எவருடைய தட்டிலும் கை வைப்பாள். கடைக்கு வருகிற வெள்ளைக்காரக் கிழவர்களிடம் பேரம் பேசுவாள். "ஹொங்கொங் வருது," என்று சொல்லித்தான் அவள் வரவை அறிவிப்போம்.

சித்தப்பாவிடம் இன்னொரு கதை இருந்தது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லுவார். கோபேயில் நேரம் ஹொங்கொங்கைவிட ஒரு மணித்தியாலம் முந்தியது. கோபேயில் ஒன்பது மணி என்றால் ஹொங்கொங்கில் எட்டு. கோபேக்காரர் அலுவலகம் திறந்தவுடன் கப்பல்களின் நிலவரத்தை டெலக்ஸ் யந்திரத்தில் அடித்து அனுப்புவார்கள். ஆகவே ஹொங்கொங்கில் சரியாக எட்டுக்கு அது வரவேண்டும். சித்தப்பா எட்டுக்கு முன்பே போய் யந்திரத்துக்கு முன்னால் குந்தியிருப்பார். வராது. ஒன்பது மணிக்குத்தான் கட கடவென்று அடிக்கத் தொடங்கும். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான். "நான் கோபேயை விட்டு வந்தாப்போலை அவைக்கு என்ன நடந்ததெண்டு தெரியேல்லை. அந்த மாதிரிச் சனமும் ஒரு கோடையிலை சோம்பேறியாப் போச்சினம்," என்று முடிப்பார். பக்கத்து மேசைச் சீனக் கிளாக்கரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். ஹொங்கொங்காரனுக்கு நேரத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று சித்தப்பா விட்டுவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவருக்கு அன்றும் இல்லை, என்றும் இல்லை.

பிள்ளைகள் பிறந்த நேரங்களை அவர்தான் ஊருக்கு எழுதி அனுப்பினார். யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் இரண்டு பேருக்கும் சாதகம் கணித்தார். சிவகௌரியின் சாதகம் பழுதில்லை. வதனா பிறந்தது பிற்பகல் நான்கு மணியாவதற்குச் சற்று முன்பு. தனு லக்கினம், எட்டாம் இடத்தில் செவ்வாய் என்று வந்தது.

எங்கள் ஆட்களிடையே இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை, என்றாலும் சொல்கிறேன். எட்டில் செவ்வாய் இருக்கிற பெண்ணைக் கட்டினால் புருஷன் நிலைக்க மாட்டான். அவளுக்கு இன்னொரு செவ்வாய்க் குற்றக்காரனைத்தான் தேட வேண்டும். இரண்டு குற்றமும் ஒன்றையொன்று தின்றுவிடும். எழுபத்துமூன்றில் லண்டனுக்கு வந்து, கம்பனி மூடி, கடை வாங்கி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் கனவு காண்கிற அளவுக்கு வந்துவிட்டபோதும், அந்த ஒரு கட்டம் மட்டும் பத்திரமாகக் கூடவே வந்துவிட்டது.

சிவகௌரி வந்த முதல் பொருத்தத்திலேயே கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். வதனாவுக்குத் தொண்ணூற்றொன்றில் பார்க்கத் தொடங்கினார்கள். வருகிறவர்கள் சாதகத்தைப் பார்த்ததும் தேத்தண்ணீரை ஆற விட்டுவிட்டு எழும்புவார்கள். அடுத்த வருடம் அவளே ஒருவரை விரும்பினாள். பாலேந்திரா, கவுன்சிலில் கணக்குப் பகுதியில் வேலை. மதியம் இருவரும் ஒரு மர வாங்கில் இருந்தபடி சாண்ட்விச் சாப்பிடுவதை நானே கண்டேன். அவள் பேசிக்கொண்டேயிருந்தாள், அவன் சிரித்துக்கொண்டேயிருந்தான். அவனுடைய தாய் சாதகம் கேட்டாள். கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவன் வந்து, "அம்மா சாப்பிடாமல் கிடக்கிறா," என்றான். அதுவே போதுமாக இருந்தது. அடுத்த தையில் அவனுக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது. வதனாவும் போனாள். பந்தியில் இருந்து சாப்பிட்டாள். வரும்வழியில் காரில், "பாயாசம் நல்லாயிருந்தது," என்றாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

அதற்குப் பிறகுதான் மரத்துப்போனாள். ஹொங்கொங் என்று யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் பகிடி விளங்காதவள்போல் பார்ப்பாள்.

தொண்ணூற்றாறு வசந்தத்தில் யோகராஜாவின் பேச்சு வந்தது. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் தமக்கை வேதவல்லி வீட்டில் இருந்தார். பேக்கரி ஒன்றில் பாண் வான் ஓட்டினார். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் இடத்தில் செவ்வாய். ஊரில் இருக்கும்போது ஒருமுறை கலியாணம் செய்தவர். அது விருப்பக் கலியாணம், சாதகம் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் செவ்வாய் இல்லை. ஒரு வருடம் நிறைவதற்குள் காய்ச்சலில் செத்துப்போனாள். ஊர் முழுக்க அவருடைய செவ்வாயைத்தான் காட்டியது. அவரும் அதை ஏற்றுக்கொண்டு, இங்கே வந்து, பத்து வருடத்துக்கு மேல் தனியாக இருந்துவிட்டார். எங்கள் சின்னம்மா, "வயசு போன ஆள், இரண்டாந்தாரம்," என்று மூக்கால் அழுதார். வதனாவிடம் கேட்டார்கள். "சரி," என்றாள். கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் சொல்வது போல.

பொருத்தம் பார்த்தபோது சாத்திரியார் இப்படியொரு பொருத்தம் வாய்ப்பது அரிது என்றார். தைக்கு நாள் வைத்தார்கள்.

யோகராஜா சனிக்கிழமைகளில் தன் வேலையை முடித்துக்கொண்டு வானோடு மிச்சத்துக்கு வருவார். ஒரு பாணைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கதிரை விளிம்பில் இருப்பார். பேசத் தெரியாதவர். "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்பார். அவள் சொல்லுவாள். அவர் தலையாட்டுவார். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சனியும் அதைக் கேட்டார், ஒவ்வொரு சனியும் பதிலைக் கவனமாகக் கேட்டார். இவளோடு நாள் முழுக்க எத்தனையோ பேர் பேசினார்கள். எல்லோருக்கும் வேறு யாரோ வேண்டியிருந்தது. இவளிடமே கேட்க ஒருவர் வந்தது அப்போதுதான்.

ஆவணியில் ஒருநாள் நான் போயிருந்தபோது கீழே தெருவில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வதனா வானுக்கு முன்னால் நின்று அவரை ஏசிக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்களுக்கு வழியில்லாமல் குறுக்கே நிறுத்தியிருந்தாராம். "கண் எங்கை கிடந்தது? வானை உள்ளுக்கை கொண்டுவந்து குசினியிலை விடுங்கோவன்," என்றாள். அவர் பாணைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற சின்னம்மா என் கையைப் பிடித்து அமத்தினார். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒருவர்மேல் கோபம் வந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு, கூறைச்சேலை எடுக்க ரூட்டிங் சேலைக்கடைகளுக்குப் போவதாக இருந்தோம். நான் காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். வதனா மேலே வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். அன்று கோடை நேரம் முடிந்து, இங்கிலாந்து முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற நாள். சித்தப்பா ஸ்டூலில் ஏறி, கடைச் சுவரிலிருந்த மணிக்கூட்டின் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் மிஸ்டர் லாவ் பால் வாங்க வந்தார். எங்கள் தெருவின் மூலையில் டேக்அவே கடை வைத்திருந்த ஹொங்கொங்காரர், பழைய பழக்கம்.

"இந்தக் கூத்து எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது," என்று ஆங்கிலத்தில் சொன்னார் அவர். "கோடை வந்தால் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, போனால் பின்னுக்கு. எங்கள் அம்மா இரண்டு முறையும் அரசாங்கத்தைத் திட்டுவார்."

"லண்டனிலா?" என்று சித்தப்பா திரும்பாமலே கேட்டார்.

"ஹொங்கொங்கில். பிறகுதான் நிறுத்தினார்கள். நான் இங்கே வருகிறபோது இருந்தது."

"ஹொங்கொங்கில் அப்படியொன்றும் இல்லை. நான் அங்கே இருந்தவன்," என்றார் சித்தப்பா, தனக்குத் தெரிந்த ஊர் என்ற மிடுக்கோடு.

"எப்போது வந்தீர்கள், எப்போது போனீர்கள்?"

சித்தப்பா சொன்னார். லாவ் சிரித்தார். "நீங்கள் வருமுன்பே முன்னுக்கு வைத்துவிட்டார்கள். பின்னுக்கு வைக்குமுன்பே போய்விட்டீர்கள். கோடையில் எங்களுக்கும் யப்பானுக்கும் ஒரே நேரம்தான்."

சித்தப்பா ஸ்டூலிலேயே நின்றார். முகத்தில் ஏதோ கணக்கு ஓடுவது தெரிந்தது. மெல்ல இறங்கினார். "அப்ப கோபேக்காரர் பிந்தி வரேல்லை," என்றார் தமிழில், எனக்கும் இல்லை, லாவுக்கும் இல்லை. "சரியா ஒன்பதுக்குத்தான் அனுப்பியிருக்கினம். எனக்குத்தான்..." பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, வதனா பிறந்தது நாலுக்குக் கிட்ட இல்லை. மூண்டுக்குக் கிட்ட."

ஈஸ்ட்ஹாமிலிருந்த சாத்திரியாருக்குப் போன் போட்டார்கள். அவர் முன்னுக்கு வைத்த அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழித்து, மதியத்துக்குள் கணித்துச் சொன்னார். லக்கினம் தனுவிலிருந்து விருச்சிகத்துக்குப் போகிறது. செவ்வாய் எட்டில் இல்லை, ஒன்பதில். குற்றமே இல்லை. சுத்த சாதகம்.

நாங்கள் அன்று சேலை எடுக்கப் போகவில்லை. சின்னம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு அழுதார். சித்தப்பா டெலிபோனைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமாக யார் யார் தேத்தண்ணீரை ஆற விட்டுவிட்டு எழும்பிப் போனார்களோ அவர்கள் எல்லோருக்கும் அடித்தார். தன் பிள்ளையில் குற்றமில்லை என்பதை லண்டன் முழுவதும் கேட்க வேண்டும். பாலேந்திராவின் தாய்க்கும் அடித்தார். அவள் நல்ல சந்தோஷம் என்று சொல்லி, தன் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்ட செய்தியையும் சொன்னாளாம். அதே உற்சாகத்தில் குட்மேய்ஸுக்கும் அடித்து, வேதவல்லியிடம் எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னார். மறுபக்கத்தில் சத்தம் இல்லாமல் போனதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அவர் அம்பலவாணன் இல்லை.

வதனா படியில் நின்றாள். வெளிக்கிட்டபடியே, கைப்பையோடு. தகப்பன் டெலிபோனில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றவள், குட்மேய்ஸ் என்றதும் கேட்டாள். "அவைக்கு ஏன் சொன்னீங்கள்?"

"சொல்லாமல்? நல்ல விசயம்தானே," என்றார் சித்தப்பா.

அடுத்த சனி யோகராஜா வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. வேதவல்லி மட்டும் போன் எடுத்து, தம்பி யோசிக்கிறான் என்றார். என்னத்தை யோசிக்கிறான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். குற்றத்துக்குக் குற்றம் என்று வைத்த பொருத்தத்தில் ஒரு பக்கத்துக் குற்றம் மறைந்துவிட்டது. மற்றப் பக்கம் தனியாக நிற்கிறது. முதல் பெண்ணோடு நின்ற மாதிரியே.

"மலரக்கா, என்னோடை ஒருக்கா குட்மேய்ஸுக்கு வாறீங்களோ?" என்று வதனா கேட்டாள். ஆயுளில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ரயிலில் முழுவழியும் கைப்பையின் கொளுவியைத் திறந்து திறந்து மூடினாள்.

வான் வீட்டு வாசலில் நின்றது. வேதவல்லி எங்களை இருத்திவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனவர் திரும்பி வரவில்லை. யோகராஜா வேலை உடுப்போடு, முழங்கையில் மாவு ஒட்டியபடி வந்து, வழக்கம்போல் கதிரை விளிம்பில் இருந்தார். நானும் எழும்பப் பார்த்தேன். வதனா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"ஏன் வரேல்லை?" என்றாள்.

"உமக்கு இப்ப ஒரு குறையும் இல்லை. வயசும் போகேல்லை. நல்ல இடமா வரும்," என்றார்.

"நான் இதுகளை நம்பிறேல்லை."

"நான் நம்பிறன்."

"ஒரு மணித்தியாலம் பிழைச்சதுக்கே எல்லாம் மாறுது எண்டால், அதை என்னெண்டு நம்புவியள்?"

அவர் முழங்கையில் ஒட்டிய மாவைத் தட்டினார். "அவளுக்குக் காய்ச்சல் வந்து மூண்டாம் நாள் போயிட்டாள்," என்றார். "சின்னக் காய்ச்சல். எல்லாருக்கும் வந்தது, எல்லாரும் எழும்பினவை. இதையும் நம்பாட்டில், அவள் ஏன் செத்தவள் எண்டு எனக்குத் தெரியாது."

வதனா கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, எங்கள் பெண்கள் வாயால் சொல்லாத ஒன்றை, என்னையும் வைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களைத்தான் கட்ட விருப்பம். வேறை ஒருத்தரும் வேண்டாம்."

"எனக்கும் அப்பிடித்தான்," என்றார் அவர். "அதாலைதான் சொல்லுறன். உமக்கு ஒரு தலையிடி வந்தாலும் நான் கதவுக்கு வெளியிலை நிண்டு நடுங்குவன். அப்பிடி ஒரு சீவியம் உமக்கு என்னத்துக்கு? எனக்கு இன்னொருக்கா ஏலாது, வதனா."

அவள் பெயரை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். வதனா எழும்பினாள். அவர் வாசல்வரை வந்தார். வானைத் திறந்து ஒரு பாணை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் விட்டிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மனிதரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது, உலுப்புவதற்கு அங்கே யாரும் நிற்பதாகத் தெரியவில்லை.

தைக் கலியாணம் நின்றது. மண்டபக்காரரிடம் சித்தப்பாதான் பேசினார். அவருக்கு வருத்தம் இல்லை. இரண்டாந்தாரத்துக்குக் கொடுக்க இருந்த பிள்ளையைக் கடவுள் கடைசி நேரத்தில் காப்பாற்றினார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். புதிய சாதகத்தை நல்ல தாளில் எழுதுவித்தார். மார்கழிக்குள் இரண்டு இடம் வந்துவிட்டது. ஒருவர் டொக்டர். தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த டொக்டர் வீட்டார் வந்துபோன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். சின்னம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா சோபாவில் சாய்ந்து பேப்பர் பார்த்தார். வதனா அவருக்கு எதிரே வந்து இருந்தாள்.

"அப்பா, ஒரு விசயம் கேக்கோணும்."

"கேள் பிள்ளை."

"அந்த ஹொங்கொங் மணிக்கூட்டுக் கதை. எல்லா வருசமும் அப்பிடி மாத்தினவையோ? சிலவேளை ஒரு வருசம் மாத்தாமல் விட்டிருக்கலாமெல்லோ. நான் பிறந்த வருசம்."

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சின்னம்மாவுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது. சித்தப்பாவுக்கு மட்டும் விளங்கவில்லை. மகள் தன் அதிர்ஷ்டத்தை இன்னும் நம்பமுடியாமல் இருக்கிறாள் என்று நினைத்தார். முகம் மலர்ந்து பேப்பரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பயம் உனக்கு வேண்டாம். நான் விடுவனே? லாவின்ரை தமையனிட்டை ஹொங்கொங்குக்கு போன் எடுத்துக் கேட்டனான். லைபிரரியிலை போய்ப் புத்தகத்திலையும் பாத்தனான். எழுபதாம் ஆண்டும் மாத்தினது. நூறு வீதம் சரி."

"பிழைக்க வழியே இல்லையோ?"

"இல்லவேயில்லை. இனி உன்னிலை ஒரு குற்றமும் இல்லைப் பிள்ளை," என்றார் சித்தப்பா.

"ஓம் அப்பா," என்றாள் வதனா. பிறகு எழும்பிப்போய், திங்கட்கிழமை வேலைக்குப் போடுகிற சட்டையை அயன் பண்ணத் தொடங்கினாள்.